பக்கவாதத்துக்குப் பின் தாளத்தோடு நடைப்பயிற்சி: நாங்கள் செய்யும் முறை

பிடித்த பாட்டைப் போட்டுவிட்டு நடக்கச் சொன்னால் நோயாளிக்கு உற்சாகம் வரும், நடை அப்படியேதான் இருக்கும். நடையைத் திருத்துவது சீரான தாளத்தட்டு. அடுத்த தட்டு எப்போது விழும் என்று முன்கூட்டியே தெரிவதால், காலைத் தயார்செய்ய மூளைக்கு அவகாசம் கிடைக்கிறது.

முதலில் இசையே கிடையாது. 14 மீட்டர் சமதளத்தில் நடக்கவைத்து, இரு முனையிலும் 2 மீட்டரை விட்டுவிட்டு, நடுவிலுள்ள 10 மீட்டரை மட்டும் அளக்கிறோம். 24 நொடியில் 22 எட்டு (காலடி) என்றால் நிமிடத்துக்கு 55. சீராகத் தட்டொலி எழுப்பும் கருவியான மெட்ரோனோமும் 55-தான். நலமாக நடப்பவரின் 100-ஐத் தாண்டிய வேகத்தில் தொடங்கினால் தடுமாற்றம்தான் மிஞ்சும்.

உட்கார்ந்து பாதத்தால் தட்டுவது, நின்று எடையைப் பக்கம் மாற்றுவது, பிறகே நடை. இடுப்பில் பிடிபட்டை கட்டி, பலவீனமான பக்கம் சற்றுப் பின்னால் நிற்கிறோம். இயர்போன் வேண்டாம், எங்கள் குரல் அவருக்குக் கேட்க வேண்டும். தலைசுற்றல் இருந்தாலோ, ரத்த அழுத்தம் கட்டுக்குள் இல்லாவிட்டாலோ அன்று நடை கிடையாது.

இங்கே கண்ணைவிடக் காதுதான் உதவும். பலவீனமான காலில் எடையைத் தாங்கப் பயந்து, நல்ல காலை அவசரமாக ஊன்றுவார்கள். செருப்புச் சத்தம் 'டக்… டக்-டக்… டக்-டக்' என்று நொண்டும். இரண்டு குதிகாலும் தட்டோடு விழுந்து இடைவெளி சமமாகும்வரை வேகத்தைத் தொடுவதில்லை.

சமமானதும் 5% கூட்டுகிறோம்: 55 என்பது 58 ஆகும். கூட்டியதும் எட்டு குறுகினாலோ, காலை வெளிப்பக்கமாகச் சுற்றி வீசினாலோ, முழங்கால் பின்பக்கம் மடங்கிப் பூட்டிக்கொண்டாலோ பழைய வேகத்துக்கே திரும்ப வேண்டும். எண்ணிக்கை கூடி எட்டு சுருங்கினால் அது முன்னேற்றமே இல்லை. பலரும் இங்கேதான் அவசரப்படுகிறார்கள்.

இசையைச் சேர்க்கும்போது தட்டு துல்லியமாகக் கேட்கும், நடுவில் வேகம் மாறாத வாத்திய இசையே நல்லது. பேச்சு பாதிக்கப்பட்டவர்களின் கவனத்தைப் பாட்டு வரிகள் இழுத்துவிடும்.

1997இல் இசைச் சிகிச்சை ஆய்வாளர் மைக்கேல் தாட்டும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்ட ஆய்வில் பக்கவாத நோயாளிகளுக்கு நாளுக்கு இரு வேளை, 30 நிமிடம் வீதம், 6 வாரம் பயிற்சி தந்தார்கள். களைத்துப்போகிறவர்களுக்கு அந்த 30 நிமிடத்தை ஓய்வோடு பிரித்துக் கொடுக்கிறோம்.

ஒவ்வொரு அமர்வின் கடைசியிலும் நடக்கும்போதே ஒலியை நிறுத்திவிடுகிறோம். தாளம் சிதைந்தால் மீண்டும் போட்டு, அடுத்த முறை இன்னும் சில எட்டுகள் தள்ளி நிறுத்துகிறோம். வாரம் ஒருமுறை அதே 10 மீட்டரை ஒலியில்லாமல் அளக்கிறோம். குறிப்பேட்டில் ஏறுவது அந்த எண் மட்டுமே.