அந்த ஊருக்கே போனாதான் கிடைக்கிற பீர்கள்

டூர் போன இடத்துலயும் ஏர்போர்ட்ல பார்த்த அதே லாகர் பீரை வாங்கிக் குடிக்கிறவங்களைப் பார்த்தா எனக்கு கை பரபரன்னு இருக்கும். அது நல்லா இல்லன்னு சொல்லல, உலகத்துல எங்க குடிச்சாலும் ஒரே டேஸ்ட் வரணும்னே செய்யறது அது, அதுக்கு எதுக்குங்க டிக்கெட் போட்டுப் போகணும். நான் பார்க்கறது ஒண்ணே ஒண்ணுதான், இந்த பீர் இந்த ஊரைத் தாண்டி வெளிய போகுமா? போகாதுன்னா மொதல்ல அதைத்தான் தேடுவேன்.

அந்தக் கணக்குல என்னோட நம்பர் ஒன் ஸோய்கல். ஜெர்மனில பவேரியாவோட கிழக்கு ஓரம், செக் பார்டர் பக்கம், விண்டிஷெஷென்பாஹ், நொய்ஹவுஸ்னு குட்டி குட்டி ஊருங்க. அங்க ஊருக்கே பொதுவா ஒரு ப்ரூஹவுஸ் இருக்கும், பீர் காய்ச்சற உரிமை குறிப்பிட்ட சில வீடுகளுக்கு மட்டும் தலைமுறை தலைமுறையா வருது, அந்தக் குடும்பங்க முறை வெச்சு அங்க போய் விறகு எரிச்சுக் காய்ச்சிட்டு, இன்னும் பீர் ஆகாத அந்த இனிப்புத் தண்ணியை அவங்கவங்க வீட்டு நிலவறைக்குக் கொண்டு வந்து ஈஸ்ட் போட்டு நொதிக்க விடுவாங்க. ரெடி ஆனதும் வாசல்ல ஆறு முனை நட்சத்திரம் ஒண்ணைத் தொங்க விடுவாங்க, அதுதான் போர்டு, அதுதான் விளம்பரம். உள்ள போனா பெரும்பாலும் வீட்டோட ஒட்டின ஹால்தான், தெரியாதவங்க பக்கத்துலயே பெஞ்ச்ல உக்காரணும். ஃபில்டர் பண்ணாததால கொஞ்சம் கலங்கலா இருக்கும், கேஸ் கம்மி, சர்ருனு உள்ள இறங்கும். ஒரே ப்ரூஹவுஸ்ல காய்ச்சினாலும் வீட்டுக்கு வீடு டேஸ்ட் மாறும், காரணம் அந்த நிலவறையும் ஈஸ்ட்டும்தான். ஒரு விஷயம், எல்லா வீடும் எல்லா வாரமும் திறந்திருக்காது, இந்த வாரம் யார் முறைன்னு காலண்டர் போடுவாங்க, அதைப் பார்க்காம கிளம்பிடாதீங்க.

அடுத்தது ஃபின்லாந்தோட சாத்தி. இது நம்ம மனசுல இருக்கற பீர் இல்ல. நுரையே இருக்காது, கெட்டியா, கலங்கலா, வாழைப்பழ வாசனை தூக்கும், ஏன்னா பிரெட்டுக்குப் போடற ஈஸ்ட்டைத்தான் இதுக்கும் போடறாங்க. மரத்தைக் குடைஞ்சு செஞ்ச தொட்டி மாதிரி ஒண்ணுல ஜூனிப்பர்ங்கற ஊசியிலைச் செடியோட கிளையைப் பரப்பி அது வழியா வடிகட்டறது பழைய முறை, அதனால ஒரு பச்சைக் கிளை வாசனையும் சேர்ந்து வரும். நிறைய பேர் கொதிக்க வைக்கறதே இல்ல, பீரைக் கசப்பாக்கி கெடாம வெச்சுக்கற ஹாப்ஸ் பூவும் ரொம்ப கம்மி, அதனால சீக்கிரம் கெட்டுப் போயிடும், ஃப்ரிட்ஜ்ல வெச்சாலும் சில வாரம்தான். ஏற்றுமதி எங்க பண்றது! லாம்மிங்கற ஊர் பக்கம் போனீங்கன்னா கேட்டுப் பாருங்க. இனிப்பா இருக்கேன்னு மடமடன்னு குடிச்சிடாதீங்க, ஆல்கஹால் ஏழு எட்டு பர்சென்ட் சாதாரணமா இருக்கும், கார் சாவியை மொதல்லயே வேற யார்கிட்டயாவது குடுத்துடுங்க.

பிரஸ்ஸல்ஸ் போனா 1900ல ஆரம்பிச்ச கான்டியான் ப்ரூவரி. இவங்க ஈஸ்ட்டே போடறதில்ல, காய்ச்சினதை மாடியில அகலமான ஒரு செம்புத் தொட்டில ராத்திரி முழுக்க ஆற விடுவாங்க, காத்துல இருக்கற ஈஸ்ட்டே வந்து விழுந்து வேலையைப் பார்த்துக்கும். குளிர் மாசங்கள்ல மட்டும்தான் காய்ச்சுவாங்க, வெயில் காலத்துல வேண்டாத கிருமி எல்லாம் உள்ள பூந்துடும். ஒரு வருஷம், ரெண்டு வருஷம், மூணு வருஷம் பீப்பாயில கிடந்ததைக் கலந்து பாட்டில் பண்றது கெஸ், அது வெளிநாட்டுக்கும் போகுது. இப்படிக் காத்துலயே நொதிக்கற பீருக்கு லாம்பிக்னு பேர், அங்க போனா கலக்காத லாம்பிக்கைக் கேளுங்க. கேஸே இல்லாம, பளிச்னு புளிக்கும். பாதிப் பேர் மூஞ்சியைச் சுளிச்சுட்டு கிளாஸைத் தள்ளி வெச்சுடுவாங்க, எனக்கு அதுதான் பிடிக்கும்.

வியட்நாமோட ஹனோய்ல கிடைக்கற பியா ஹோய்ங்கற பீர் பத்தி நிறைய பேர் எழுதியாச்சு, சுருக்கமா சொல்றேன். சுமார் மூணு பர்சென்ட், தினமும் கெக்ல, அதாவது பீப்பாயில, ஃப்ரெஷ்ஷா வரும், அன்னிக்கே தீர்த்தாகணும். அதனால சாயங்காலம் கூட்டம் இருக்கற கடையாப் பார்த்து உக்காருங்க. குமிழி குமிழியா, பச்சை கலந்த தடி கிளாஸ்ல குடுத்தா சரியான இடத்துக்குத்தான் வந்திருக்கீங்க.

கடைசியா ஜெர்மனியோட கொலோன். கோல்ஷ் பீர் 200 மில்லி ஒல்லி கிளாஸ்ல வரும், காலி ஆக ஆக வெயிட்டர் கேக்காமலே அடுத்ததை வெச்சுட்டு கிளாஸுக்கு அடியில வைக்கற அட்டை, அதான் கோஸ்டர், அதுல பென்சில்ல ஒரு கோடு போட்டுட்டுப் போயிடுவார், போதும்னா கிளாஸ் மேல கோஸ்டரை வெச்சு மூடணும், இது தெரியாம உக்காந்திருந்தா கோடு ஏறிட்டே போகும். அங்க உக்காந்துட்டு டுஸ்ஸல்டார்ஃபோட ஆல்ட் பீரைக் கேட்டுடாதீங்க, ரெண்டு ஊருக்கும் ஆகவே ஆகாது. ட்ரெயின்ல அரை மணி நேர தூரம்தான், ஒரே நாள்ல ரெண்டையும் குடிச்சுப் பார்த்துட்டு எது பெட்டர்னு நீங்களே சொல்லுங்க, நான் ஆல்ட் கட்சி.