ரிவர்ஸ் கியரும் ஒரு டப்பா சாக்பீஸும்

எனக்கு லைசென்ஸ் வந்தது 2012இல். ரிவர்ஸ் வந்தது 2023இல். நடுவில் பதினோரு வருடம் எப்படி ஓட்டினாய் என்று கேட்டால், முன்னாலேயே ஓட்டினேன் என்பதுதான் பதில்.

தானே புயலுக்கு அடுத்த வருடம் அது. கடலூரில் சாய்ந்த மரங்களின் அடிக்கட்டைகள் இன்னும் தெருவோரம் கிடந்தன. டிரைவிங் ஸ்கூலில் பதினைந்து நாள் வகுப்பு. பதிமூன்று நாள் செம்மண்டலம் போய்த் திரும்பினோம், கடைசி இரண்டு நாள் ரிவர்ஸ். ஸ்கூல் காரில் மாஸ்டர் காலடியிலும் ஒரு கிளட்ச்சும் பிரேக்கும் இருக்கும். நான் ஓட்டுகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்த நேரத்தில் பாதி, அவர் கால்தான் ஓட்டிக்கொண்டிருந்தது. லைசென்ஸ் டெஸ்டில் வண்டியைப் பின்னால் எடுத்து, இடமோ வலமோ ஓரளவு துல்லியமாகத் திருப்பிக் காட்ட வேண்டும் என்று 1989ஆம் வருட மத்திய மோட்டார் வாகன விதிகளில் இருக்கிறது. டீச்சர் புத்தி, பின்னாளில் தேடிப் படித்தேன். நான் காட்டியது நேராகப் பத்தடி. பிரேக் இன்ஸ்பெக்டர் போதும் என்று கையைக் காட்டிவிட்டார். எனக்கும் அன்றைக்கு அது சந்தோஷமாகத்தான் இருந்தது.

ரிவர்ஸ் தெரியாமல் கார் ஓட்டுவதற்கு ரிவர்ஸ் தெரிந்து ஓட்டுவதைவிட அதிக மூளை வேண்டும். எந்தக் கடை வாசலில் வண்டியை நிறுத்தினால் முன்பக்கமாகவே வெளியே வர முடியும் என்று எனக்கு ஊர் முழுக்கத் தெரியும். லாரன்ஸ் ரோட்டில் துணி எடுக்க வேண்டுமென்றால் வண்டியை எங்கோ விட்டுவிட்டு வெயிலில் நடப்பேன். கல்யாண மண்டபத்துக்கு முதல் ஆளாகப் போவேன். காலியாக இருக்கும்போதே உள்ளே ஒரு வட்டம் அடித்து மூக்கு வாசலைப் பார்த்தபடி நிறுத்திவிடலாம். "டீச்சருக்கு என்ன ஒரு பங்க்சுவாலிட்டி" என்பார்கள். சிரித்துக்கொள்வேன்.

வீட்டில் என் மகன் இருந்தான். கேட்டுக்குள் ஏற்றுவது, இறக்குவது எல்லாம் அவன் வேலை. அவன் காலேஜுக்குச் சென்னை போனதும் என் ரிவர்ஸ் கியரும் அவனோடு ஹாஸ்டலுக்குப் போய்விட்டது. என் வீட்டுக்காரருக்கு நெய்வேலியில் ஷிஃப்ட் வேலை, எந்த நேரத்தில் வீட்டில் இருப்பார் என்று அவருக்கே தெரியாது. ஆகவே கார் தெருமுனையில், புங்க மரத்தடியில் நின்றது. ஒரு வருடம் காக்கைகளின் எச்சத்தை நான் கழுவினேன்.

2023 ஆவணியில் சின்ன நாத்தனார் வீட்டில் கல்யாணம், திருவந்திபுரத்தில். முகூர்த்த நாளில் அந்த ஊருக்குப் போனவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தேவநாத சுவாமி கோயிலுக்கு எதிரே மலையில் ஒரே காலையில் எத்தனை தாலி ஏறும் என்று எண்ண முடியாது. கீழே ரோட்டில் மாப்பிள்ளை கார், வேன், மினி பஸ், பலூன் விற்பவர், வாழைமரம் கட்டிய டாடா ஏஸ் எல்லாம் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும். நான் புத்திசாலித்தனமாக ஒரு சந்தில் புகுந்தேன். பாதி தூரத்தில் எதிரே ஒரு மினி பஸ். அதன் பின்னால் இன்னும் இரண்டு வண்டி. என் பின்னால் யாருமில்லை. ஆக, நான்தான் பின்னால் போக வேண்டும். நியாயமும் அதுதான்.

முதல் தடவை இடப்பக்கம் சுவரை நோக்கிப் போனது. சரிசெய்யப் போனேன், வலப்பக்கம் போனது. மூன்றாவது தடவை வண்டி குறுக்கே நின்று சந்து முழுவதையும் அடைத்துவிட்டது. அதற்குள் ஏழெட்டுப் பேர் கூடிவிட்டார்கள். "லெஃப்ட்ல ஒடிம்மா" என்றார் ஒருவர். "ரைட்டுல ஒடி" என்றார் இன்னொருவர். எனக்கு லெஃப்டா, என்னைப் பார்த்தபடி நிற்கும் அவருக்கு லெஃப்டா? பின்சீட்டிலிருந்து மாமியார், "ஏம்மா, பின்னாடி போவத் தெரியாதா உனக்கு?" என்று கேட்டார். கிண்டல் இல்லை, நிஜமாகவே ஆச்சரியப்பட்டுக் கேட்டார். அதுதான் வலித்தது.

கடைசியில் பட்டு வேட்டியும் கழுத்தில் மாலையின் சிவப்புச் சாயமுமாக ஒருவர் வந்தார். அரைமணி முன்னால் தாலி கட்டிய மாப்பிள்ளையேதான். "நான் எடுத்துத் தரட்டுங்களா?" என்றார். நான் இறங்கித் தாம்பூலப் பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒரு கையை இடப்பக்கத்து சீட்டின் மேல் போட்டு, உடம்பைத் திருப்பிப் பின்கண்ணாடி வழியாகப் பார்த்தபடி, ஒரே மூச்சில் சந்து முனைக்குப் போய் நிறுத்தினார். முகூர்த்தத்தன்று ஒரு மாப்பிள்ளையை டிரைவர் ஆக்கிய பாவம் எனக்கு இருக்கிறது.

மறுநாள் எதிர்வீட்டு வேன் அண்ணனிடம் போனேன். ஸ்கூல் வேன் ஓட்டுகிறவர். எங்கள் தெரு முட்டுச்சந்து, திரும்ப இடம் கிடையாது. அவர் தினமும் சாயங்காலம் அந்த நீள வேனைத் தெருமுனையிலிருந்து பின்பக்கமாகவே வீடு வரை கொண்டுவருவார். பல வருடமாகப் பார்த்துக்கொண்டு எதிரிலேயே இருந்திருக்கிறேன், ஒருநாளும் கேட்கத் தோன்றவில்லை.

"சொல்லித் தரேன் டீச்சர். ஆனா ஒண்ணு, ஆக்சிலேட்டர் பக்கமே கால் போவக் கூடாது."

மஞ்சக்குப்பம் மைதானத்தில் ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு ஆரம்பித்தோம். முதல் நாள் முழுக்க கிளட்ச் மட்டும். சமதரையில் கிளட்ச்சை மெல்ல விட்டால் வண்டி தானாகவே நகரும், எறும்பு மாதிரி. அழுத்தினால் நிற்கும். ஆக்சிலேட்டரே வேண்டாம். பதினோரு வருடம் நான் செய்துவந்தது, பயத்தில் ஒரு மிதி, அதைவிடப் பயந்து பிரேக்கில் ஒரு மிதி. ரிவர்ஸில் ங்ஙென்று ஒரு முனகல் வருமே, அதுவும் என்னைப் பதற வைக்கும். ஏதோ உடைகிறது என்று நினைப்பேன். முன்னால் போகும் கியர்களின் பற்கள் சாய்வாக வெட்டியவை, ரிவர்ஸில் பல வண்டிகளில் நேராக வெட்டியவை. நேர்ப்பற்கள் மோதும் சத்தம்தான் அது. "அது பாட்டுக்குக் கத்தும் டீச்சர், நீங்க கத்தாதீங்க" என்றார் அண்ணன்.

இரண்டாவது பாடம் ஸ்டேரிங். பின்னால் போகும்போது எல்லாமே தலைகீழ் என்று என் மண்டையில் ஏறியிருந்தது. யார் ஏற்றினார்கள் என்று தெரியவில்லை. "தலைகீழும் இல்ல, ஒண்ணும் இல்ல. பின்பக்கம் எங்க போவணுமோ அங்க ஒடிங்க. அவ்ளோதான்." இடப்பக்கம் ஒடித்தால் பின்பக்கம் இடம் போகும். அவ்வளவுதான்! தலைகீழ் விவகாரம் டிரெய்லர் இழுப்பவர்களுக்கு. அரவை சீசனில் நெல்லிக்குப்பம் ரோட்டில் கரும்பு ஏற்றிய டிராக்டர்கள் போகும். பள்ளிக்கு நான் போகும் வழி அது. அவர்கள் பின்னால் எடுக்கும்போது டிராக்டரை வலப்பக்கம் ஒடித்தால்தான் டிரெய்லர் இடப்பக்கம் போகும். இப்போதெல்லாம் அதைப் பார்த்தால் வண்டியை ஓரம் கட்டி ஒரு நிமிஷம் வேடிக்கை பார்க்கிறேன். லேட் ஆனாலும் பரவாயில்லை.

மூன்றாவது பாடத்தில்தான் மாட்டிக்கொண்டேன். திரும்பும் சக்கரங்கள் முன்னால் இருக்கின்றன. பின்னால் போகும்போது அவை வாலாகிவிடுகின்றன. பின்பக்கம் இடம் போனால் மூக்கு வலப்பக்கம் பெரிதாக வீசும். பின்னாலேயே கண்ணை வைத்திருந்தால் மூக்கு எதையாவது தட்டிவிட்டுப் போகும். இதை அண்ணன் பத்துத் தடவை சொன்னார். நானும் தலையாட்டினேன். புரிந்தது மார்கழியில்.

அதற்குள் மைதானத்திலிருந்து தெருவுக்கு வந்துவிட்டோம். எங்கள் தெரு சிமெண்ட் ரோடு. பள்ளியிலிருந்து உடைந்த சாக்பீஸ் துண்டுகளை ஒரு டப்பாவில் போட்டு எடுத்துவந்தேன். என் வேகன் ஆர் பன்னிரண்டடி நீளம், ஐந்தேகால் அடி அகலம். ரோட்டில் அதைவிடக் கொஞ்சம் பெரிய கட்டம் போட்டு, அதற்குள் ஏற்றிப் பழகினேன். கோட்டில் ஏறினால் அழித்துவிட்டு மறுபடி. தெருப் பிள்ளைகள் பாண்டி விளையாட்டு என்று நினைத்து வந்து நின்றார்கள். அப்புறம் அவர்களே அம்பயர்கள் ஆனார்கள். "அவுட் டீச்சர்!"

ஒரு மார்கழி ஞாயிறு காலை. கேட்டுக்குள் பின்பக்கமாக ஏற்றுகிறேன். கேட்டைத் தாண்டி நிறுத்தி, இடப்பக்கம் முழுசாக ஒடித்து, எறும்பு வேகத்தில் வந்தேன். பின்பக்கம் அழகாக உள்ளே போகிறது. நான் இடக் கண்ணாடியிலேயே மயங்கிக் கிடக்கிறேன். எதிர்வீட்டிலிருந்து வேன் அண்ணன் சம்சாரம் "ஐயோ" என்றார். இறங்கிப் பார்த்தால் அவர் விடியற்காலையில் உட்கார்ந்து போட்ட பதினைந்து புள்ளிக் கோலத்தின் மேல் என் முன்சக்கரம் ஏறி இறங்கியிருக்கிறது. பூசணிப்பூ ஒன்று நசுங்கிவிட்டது.

ஆனால் ஒன்று. அந்த டயரில் கோலமாவு ஒட்டிக்கொண்டது. வண்டி வந்த வழியெல்லாம் சிமெண்டில் வெள்ளையாக ஒரு வளைவு விழுந்திருந்தது. என் வலது முன்சக்கரம் எவ்வளவு தூரம் வெளியே போய்ச் சுற்றி வந்தது என்று அப்படியே வரைந்து வைத்தது போல. பின்சக்கரம் போன இடத்திலிருந்து இரண்டடிக்கு மேல் வெளியே! நான் குனிந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணி என்னைத் திட்டுவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார். அப்புறம் மூன்று நாள் அவர் வாசலுக்கும் சேர்த்து நான்தான் கோலம் போட்டேன்.

அந்த வளைவைப் பார்த்ததும் இன்னொன்றும் விளங்கியது. எங்கள் கேட்டில் முன்பக்கமாக நுழைய மகன்கூட இரண்டு மூன்று தடவை முன்னும் பின்னும் போவான். பின்பக்கமாக வந்தால் ஒரே தடவையில் நுழைகிறது. திரும்புகிற சக்கரங்கள் தெருவில், இடமிருக்கும் பக்கத்தில் நின்றுகொண்டு வேலை செய்கின்றன. பின்பக்கம் சும்மா உள்ளே போய்விடுகிறது. முன்பக்கமாக நுழைந்தால் பின்சக்கரம் குறுக்குவழியில் வந்து கேட் தூணைத் தேய்க்கும். காலையில் கிளம்புவதும் லேசு, தெருவைப் பார்த்தபடியே வெளியே வரலாம்.

சென்சார் இருக்கிறதே என்று பலர் கேட்கிறார்கள். 2019 ஜூலை 1 முதல் தயாராகும் கார் எல்லாவற்றிலும் ரிவர்ஸ் சென்சார் கட்டாயம். என்னுடையது 2021 வண்டி, இருக்கிறது. அது ஒலியை அனுப்பி, எதிரொலி வந்தால் கத்தும். எதிரொலிக்க ஒன்றுமில்லாத இடத்தில் என்ன கத்தும்? தை மாதம் புதுப்பாளையத்தில் உறவுக்காரர் வீட்டு வாசலில் வண்டியை எடுக்கிறேன். சென்சார் கம்மென்றிருக்கிறது. நானும் நம்பி வந்தேன். மூடி போடாத சாக்கடையில் பின்சக்கரம் தொப்பென்று இறங்கியது. டீக்கடையிலிருந்து நாலு பேர் வந்து தூக்கிவிட்டார்கள். காசு வாங்கிக்கொள்ள மாட்டேன் என்றார்கள், டீ மட்டும் குடித்தார்கள். மெல்லிய கம்பி, தரையோடு கிடக்கும் கல் இவையும் அதற்குத் தெரியாமல் போகும்.

அண்ணனிடம் சொன்னபோது திட்டவில்லை. "இறங்கிப் பாத்தீங்களா?" என்று மட்டும் கேட்டார். பார்க்கவில்லை. அவர் இத்தனை வருடம் ஓட்டியும் சந்தேகம் வந்தால் இறங்கி வேனைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டுத்தான் ஏறுவார். ஸ்கூல் வேன், பின்னால் ஏதாவது குழந்தை நிற்கும் என்பார். நான் அதைக் கூச்சமாக நினைத்திருக்கிறேன். பின்னால் வண்டிகள் ஹாரன் அடிக்கும்போது இறங்கிப் பார்ப்பதா? அடிக்கட்டும் என்று விடப் பழகுவதற்கு எனக்கு ஸ்டேரிங் பழகியதைவிட அதிக நாள் ஆனது. இன்னொன்றும் சொன்னார். பின்னால் நின்று "வரலாம், வரலாம்" என்று கை காட்டுபவர் கண்ணாடியில் தெரியாமல் போனால் உடனே நிறுத்திவிட வேண்டும். அவர் எங்கே நிற்கிறார் என்று அவருக்கே தெரியாது.

இப்போதும் எல்லாம் வந்துவிடவில்லை. ராத்திரி மழையில் கண்ணாடியெல்லாம் பொட்டுப் பொட்டாக இருக்கும்போது பழைய பயம் வருகிறது. ரோட்டோரம் இரண்டு வண்டிகளுக்கு நடுவே செருகுவது பாதிதான் வரும்.

போன மாதம் மாமியாரைப் பாண்டிச்சேரிக்கு அழைத்துப் போனேன். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் பீச் ரோட்டில் வண்டி விடமாட்டார்கள், பக்கத்துத் தெருக்களில்தான் இடம் தேட வேண்டும். டூமாஸ் தெருப் பக்கம் மஞ்சள் சுவர் ஓரமாக ஒரு இடைவெளி கிடைத்தது, முன்னால் ஒரு வெள்ளைக் கார், பின்னால் ஒரு புல்லட். முன்காரின் பக்கத்தில் ஒட்டி நிறுத்தி, இடப்பக்கம் ஒடித்து, பாதி நுழைந்ததும் வலப்பக்கம் ஒடித்து வந்தேன். முதல் தடவை ஃபுட்பாத்தில் இடித்தது. வெளியே எடுத்து மறுபடி வந்தேன். எதிர் வீட்டு வாட்ச்மேன் நாற்காலியிலிருந்து எழுந்து வந்து பின்னால் நின்றார்.

"வாம்மா, வாம்மா, இன்னும் ஒரு அடி இருக்கு."

கண்ணாடியில் அவர் தெரியவில்லை. நிறுத்தினேன். ஹேண்ட்பிரேக் போட்டு இறங்கிப் போய்ப் பார்த்தேன். புல்லட்டுக்கும் பம்பருக்கும் நடுவே ஒரு சாண்.

"இருக்காம்மா?" என்று உள்ளேயிருந்து மாமியார் குரல்.

"ஒரு சாண் இருக்கு அத்தை."

வண்டி கொஞ்சம் கோணலாகத்தான் நின்றது. ஃபுட்பாத்துக்கும் முன்சக்கரத்துக்கும் நடுவில் ஒரு ஆள் நடந்து போகலாம். மாமியார் இறங்கி இரண்டு பக்கமும் பார்த்தார். "போதும் போ, அலை பாக்கப் போலாம்" என்று சேலையைச் சரிசெய்துகொண்டு நடக்க ஆரம்பித்தார்.