நாலாவது தொகுதி

"நாலாவது சிக்கிருச்சுங்க மேடம். பீரோவுக்குப் பின்னாடி கிடந்துச்சு. இதையும் சேர்த்துக் கட்டிரலாங்களா?"

அட்டெண்டர் அண்ணன் கேட்டது அவ்வளவுதான். "கட்டிருங்கண்ணா" என்றேன். அவர் ஒரு நிமிடம் நின்றார். நின்ற மாதிரி எனக்குத் தோன்றுகிறதா, நிஜமாகவே நின்றாரா என்று இப்போது சொல்லத் தெரியவில்லை.

கலைக்களஞ்சியம், பெரியசாமி தூரன் தலைமையில் வந்த பத்துத் தொகுதிகள். எங்கள் பள்ளி நூலகத்தில் நாலாவது மட்டும் பல வருடமாக இல்லை. கழிவுப் பட்டியலில் 'காரணம்' என்ற இடத்தில் 'தொகுப்பு முழுமையில்லை' என்று எழுதியவள் நான். அன்று காலை அந்தக் காரணம் இல்லாமல் போய்விட்டது. ஆனால் சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி வந்த பழைய பேப்பர் வேன் வாசலில் நின்றது. சக்கரம் வைத்த புது அலமாரிகளோ நாலடி உயரம்தான், பழைய பீரோவில் இருந்ததில் பாதிகூட அவற்றில் அடங்காது.

வேறு காரணமும் இருந்தது. ஏற்காட்டு ஈரத்தில் பாதித் தொகுதிகள் பூஞ்சை பிடித்துக் கிடந்தன, தொட்டாலே தும்மல். முதல் தொகுதி 1954இல் வந்தது, மாநிலங்கள் மொழிவாரியாகப் பிரிவதற்கும் முன்னால். பத்தும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. இதில் எதுவும் பொய் இல்லை. அப்படியானால் பட்டியலில் ஏன் இவற்றை எழுதவில்லை? முழுமையில்லை என்றால் யாரும் மேலே கேள்வி கேட்க மாட்டார்கள், அதனால்தான்.

புது இடம் நன்றாகவே இருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். முன்பு மதிய இடைவேளையில் நானும் மின்விசிறியும்தான். இப்போது உட்கார இடம் கேட்டுச் சண்டை. எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் மேசைகளை ஒன்றாகத் தள்ளிப் போட்டுக்கொண்டு எரிமலை செய்கிறார்கள். (பழைய கட்டடம், தரை லேசான சரிவு. பிரேக் போட மறந்தால் அலமாரி தானாக ஜன்னல் பக்கம் போய்விடும். அதைப் பார்க்கவே சிலர் வருகிறார்கள்.) நூலகம் வளரும் உயிர் என்று 1931இலேயே நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் தன் ஐந்து விதிகளில் எழுதிவிட்டார். திட்டக் கூட்டத்தில் நிர்வாகம் அதைச் சொன்னபோது நானும் தலையாட்டினேன். ஒவ்வொரு நூலுக்கும் ஒரு வாசகர் என்பதும் அதே ஐந்து விதிகளில் ஒன்றுதான். அதைக் கூட்டத்தில் யாரும் சொல்லவில்லை, நான் உட்பட.

அந்தத் தொகுதி தானாக விழுந்திருக்கலாம். ஆனால் ரெஃபரன்ஸ் நூலை நாங்கள் வெளியே கொடுப்பதில்லை. பிடித்த புத்தகத்தை அடுத்தவர் எடுக்காதபடி பிள்ளைகள் ஒளித்து வைப்பது எந்த நூலகத்திலும் நடப்பதுதான். அண்ணன் தூசி தட்டியபோது பக்கங்களுக்கு நடுவே அடையாளத்துக்கு ஏதோ செருகியிருந்தது தெரிந்தது. பஸ் டிக்கெட்டா, மிட்டாய்த் தாளா? கை நீட்டினால் எட்டும் தூரம். பிரித்திருந்தால் அந்தப் பத்தும் வேனில் ஏறியிருக்காது, அது எனக்கு அப்போதே தெரியும். அதனால்தான் பிரிக்கவில்லை என்று சில நாள் நினைக்கிறேன். வேலை நெருக்கடியில் தோன்றவில்லை என்று சில நாள்.

தணிக்கைக்கு வந்தவர் பட்டியலைப் புரட்டிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். பதிவேட்டில் இன்னும் 'தொகுப்பு முழுமையில்லை' என்றுதான் இருக்கிறது. ஒருமுறை திருத்தலாமென்று பேனாவை எடுத்தேன். அந்த இடத்தில் வேறு என்ன எழுதுவது என்று தெரியாமல் மூடிவைத்துவிட்டேன்.