கத்திரி வெயிலில் கங்காரு அரவணைப்பு

மே 7
நேற்றிரவு அறுவை சிகிச்சையில் மகள் பிறந்தாள். 32 வாரம்; எடை 1,460 கிராம். ஏழாம் மாதக் குழந்தை தங்கும், எட்டாம் மாதக் குழந்தை தங்காது என்ற பழம்பேச்சை நம்பும் என் மாமியார், குடியாத்தத்திலிருந்து வந்ததும் வராண்டாவிலேயே உட்கார்ந்துவிட்டார். கருப்பையில் கூடுதலாக இருக்கும் ஒவ்வொரு வாரமும் நுரையீரலுக்கு நல்லது என்று மருத்துவர் சொன்னதை அவர் காதில் வாங்கவில்லை.

மே 9
தையல் வலியால் மனைவியால் நெடுநேரம் உட்கார முடியாததால், குழந்தையைத் தோலோடு தோலாக மார்பில் அணைத்து வைத்திருக்கும் கங்காரு அரவணைப்பின் முதல் முறை எனக்கு வாய்த்தது. குளித்துவிட்டு வந்து, சட்டைப் பொத்தான்களைக் கழற்றிச் சாய்வு நாற்காலியில் அமர்ந்ததும், குல்லாயும் காலுறையும் டயப்பரும் மட்டுமே அணிந்திருந்த மகளை சிஸ்டர் என் மார்பில் நிமிர்த்திவைத்து, கால்களைத் தவளைபோல் மடக்கி, மூக்கு அடைபடாதபடி தலையை ஒருபக்கமாகத் திருப்பி, துணியால் கட்டினார். வெளியே வேலூர் வெயிலில் தார் இளகும்போது இவளுக்கு எப்படிக் குளிரும் என்று கேட்டேன். தோலுக்கடியில் கொழுப்பில்லை, எடையோடு ஒப்பிட்டால் தோற்பரப்பு மிகுதி, ஆகவே சூடு வெகுவேகமாக வெளியேறிவிடும் என்றார். 36.2 டிகிரியாக இருந்த உடல்வெப்பம் ஒரு மணி நேரத்தில் 36.8 ஆனது. என் மூச்சு ஏறி இறங்குவதற்கேற்ப அவளும் ஏறி இறங்கினாள், ஒருமுறை தும்மினாள்.

மே 10
எடை 1,370. முதல் வாரத்தில் குறைவது இயல்புதானாம். எனக்குச் சோறு இறங்கவில்லை.

மே 14
1978இல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில் இன்குபேட்டர் பற்றாக்குறையால் தொடங்கிய முறை இது என்று மருத்துவர் விளக்கினார். குழந்தையின் நிலை சீராகும்வரை காத்திராமல், பிறந்தவுடனேயே தொடங்கி, நாளுக்கு 8 முதல் 24 மணி நேரம்வரை அணைத்திருக்க வேண்டும் என்பது 2022இல் உலக சுகாதார நிறுவனம் தந்த பரிந்துரை. எங்களுக்கு மூன்றாம் நாள்தான் தொடங்கினார்கள் என்பதில் எனக்குச் சற்று மனக்குறையுண்டு. மனைவி இப்போது ஐந்து மணி நேரம் தாங்குகிறாள், நான் நான்கு. ஆண்பிள்ளை பிள்ளையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்துச் சிரிக்கும் உறவினர்களுக்குப் பதில் சொல்வதை விட்டுவிட்டேன். பீய்ச்சிய தாய்ப்பாலைக் குழாய் வழியே கொடுத்துவந்தவர்கள், இன்று பாலாடையில் சில சொட்டுகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். நாக்கை நீட்டி நக்கினாள்.

மே 23
எடை 1,575. பாட்டியும் அணைக்கலாம் என்று சிஸ்டர் சொன்னபோது மறுத்த மாமியார், இன்று தாமே குளித்துவிட்டு வந்து, தம் பழைய வாயில் புடவையைக் கிழித்துக் கட்டிக்கொண்டார். என் முறை வந்து, கைகழுவிக்கொண்டு போய் நின்றேன். “இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டும் மாப்பிள்ளை, இப்பதான் தூங்குறா” என்றார். முக்கால் மணி நேரம் வராண்டாவில் காத்திருந்தேன்.