ஜெனீவாவுக்கு அனுப்ப முடியாத மனு

பெருமூளை வாதத்தால் சக்கர நாற்காலியைப் பயன்படுத்தும் என் மகளுக்கு ஆறாம் வகுப்பில் இடம் கேட்டபோது, வகுப்பறை முதல் மாடியில் இருப்பதால் சிறப்புப் பள்ளியே அவளுக்கு ஏற்றது என்று வீட்டருகே உள்ள அரசு உதவி பெறும் பள்ளியில் கூறினார்கள். மறுப்பை எழுத்தில் தரும்படி விண்ணப்பித்தேன். பதில் வரவில்லை, ஆனால் விண்ணப்பத்தைப் பெற்றுக்கொண்டதற்கு முத்திரையிட்டுத் தந்த நகல் பின்னர் ஆதாரமாயிற்று.

அக்காலத்தில்தான் ஐக்கிய நாடுகள் அவையின் உடன்படிக்கைகளைப் படித்தேன். 1989-ஆம் ஆண்டின் குழந்தை உரிமைகள் உடன்படிக்கை தன் 23-ஆம் பிரிவில் மாற்றுத்திறன் குழந்தைகளுக்கான உதவியைப் பேசினாலும், கிடைக்கும் வளங்களுக்கு உட்பட்டு என்றொரு நிபந்தனையையும் சேர்த்துவிடுகிறது. 2007-இல் இந்தியா ஏற்புறுதி செய்த மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் உடன்படிக்கையோ, மாற்றுத்திறனைக் காரணம் காட்டி எவரையும் பொதுக் கல்வி முறையிலிருந்து விலக்கக் கூடாது என்று 24-ஆம் பிரிவில் சொல்கிறது.

மாற்றுத்திறனாளிகள் உடன்படிக்கையை நாடுகள் பின்பற்றுகின்றனவா என்று பார்க்கும், ஜெனீவாவில் உள்ள ஐ.நா. குழுவிடமே முறையிட எண்ணினேன். ஆனால் தனிநபர் முறையீட்டை அனுமதிக்கும் விருப்ப நெறிமுறை என்ற தனி ஒப்பந்தத்தில் இந்தியா சேரவில்லை. சேர்ந்த நாடுகளிலும் உள்நாட்டு வழிகளை முயன்று முடித்த பிறகே பொதுவாக அங்கே செல்ல முடியும். எனவே, உடன்படிக்கையை நடைமுறைப்படுத்த இயற்றப்பட்ட 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின்கீழ், மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையருக்கு மனு எழுதினேன்.

மனுவில் இடப்பக்கம் உடன்படிக்கையின் பிரிவையும் வலப்பக்கம் அதற்கு இணையான சட்டப் பிரிவையும் வைத்தேன். (மாவட்ட அலுவலகத்தில் வலப்பக்கத்தை மட்டுமே படித்தார்கள், அதுவே போதுமானதாகவும் இருந்தது.) 6 முதல் 18 வயதுவரை அருகமைப் பள்ளியையோ சிறப்புப் பள்ளியையோ தேர்ந்துகொண்டு இலவசமாகப் படிக்கும் உரிமையைச் சட்டத்தின் 31-ஆம் பிரிவு தருகிறது, அதற்கு 40 விழுக்காட்டுக்குக் குறையாத பாதிப்பைக் காட்டும் சான்று வேண்டும். பாகுபாடின்றிச் சேர்ப்பதையும் கட்டட வசதியையும் பேசும் 16-ஆம் பிரிவில் அந்த வரம்பு இல்லை என்பதால், சான்றுக்குக் காத்திருக்கும் பெற்றோர் அதைக் குறிப்பிடலாம்.

என் பார்வையில் மனுவுக்கு வலுச் சேர்த்தது வேறொன்று. தன்னைப் பாதிக்கும் எதிலும் கருத்துச் சொல்லக் குழந்தைக்கு உரிமை உண்டென்று மாற்றுத்திறனாளிகள் உடன்படிக்கையின் 7-ஆம் பிரிவும், அதை ஒட்டிச் சட்டத்தின் 4-ஆம் பிரிவும் கூறுகின்றன. ஆகவே மகளையே எழுதச் சொன்னேன். ஐந்தாம் வகுப்புத் தோழிகள் சேரும் பள்ளியிலேயே தானும் படிக்க விரும்புவதாகவும், மாடி ஏற முடியாதது தன் குற்றமல்ல என்றும் எழுதியிருந்தாள். விசாரணையில் அக்கடிதத்தை வைத்துக்கொண்டு அவளிடமே கேள்விகள் கேட்டார்கள்; பள்ளித் தரப்பு அதுவரை அவளிடம் எதையும் கேட்டதில்லை.

ஆறாம் வகுப்பின் ஒரு பிரிவைத் தரைத்தளத்துக்கு மாற்றவும், சாய்தளமும் கழிப்பறையில் கைப்பிடியும் அமைக்கவும் ஆணையர் பரிந்துரைத்தார். பரிந்துரையின் மீது எடுத்த நடவடிக்கையை மூன்று மாதங்களுக்குள் தெரிவிக்க வேண்டும். ஏற்காவிட்டால் அதன் காரணத்தையும் சொல்லியாக வேண்டும் என்பது 81-ஆம் பிரிவு. வகுப்பு கீழே வந்துவிட்டது, சாய்தளமும் முடிந்தது. கைப்பிடி இன்னும் பொருத்தப்படாததால், அப்பிரிவைச் சுட்டி நினைவூட்டு மனு அனுப்பியிருக்கிறேன்.