முப்பத்தாறு படங்களில் ஒரே வயல்

எங்கள் குடியிருப்பில் பொங்கலையொட்டி நடக்கும் குழந்தைகளின் ஓவியக் காட்சிக்கு இந்த ஆண்டு 'நம் ஊர் விளைச்சல்' என்று தலைப்பிட்டுப் பொறுப்பையும் என்னிடம் ஒப்படைத்தார்கள். டிசம்பர் தொடக்கத்தில் வந்துசேர்ந்த 36 படங்களில் பெரும்பாலானவை ஒன்றேபோல் இருந்தன: இரண்டு மலைகள், நடுவே சூரியன், ஒரு குடிசை, ஒரு தென்னை, கிளிப்பச்சையில் ஒரு வயல். கடலில் சூரியன் உதிக்கும் சென்னையில் வளரும் பிள்ளைகளுக்கு அந்த மலைகள் எங்கிருந்து கிடைத்தன என்று வியந்தேன். அந்த வயதில் நானும் அவற்றையேதான் வரைந்தேன் என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது.

கண்ணில் படாதது கையில் எப்படி வரும் என்று, எட்டுப் பிள்ளைகளை ஒரு ஞாயிறு அதிகாலையில் கோயம்பேடு சந்தைக்கு அழைத்துச் சென்றேன். அது சரியான யோசனை அன்று. மூட்டை சுமப்பவர்களுக்கு வழிவிட்டு ஒதுங்குவதிலேயே நேரம் போனதால், செவ்வாழை, பூவன், மொந்தன் என வாழையில் மட்டும் நான்கைந்து வகையும், 2023ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற வேலூர் முள்ளுக் கத்திரியும் வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டோம்.

அடுத்த வாரம் பொருள்களையே பிள்ளைகளிடம் கொண்டுவந்தேன். மதுராந்தகத்துப் பக்கம் பயிர் செய்யும் உறவினர் ஒருவர் கொடுத்தனுப்பிய மாப்பிள்ளைச் சம்பா நெல்லை நகத்தால் உரித்து, உள்ளே அரிசி சிவப்பாக இருப்பதைக் கண்டதும் அவர்கள் அடைந்த பரபரப்பு, கிரேயான் பெட்டியைத் திறந்தபோதுகூட இருந்ததில்லை. ஆள் உயரத்தையும் தாண்டி வளரும் காட்டுயானம் நெல்லுக்குள் யானையே மறைந்துவிடும் என்று ஊரில் சொல்வார்கள் என்றேன். ஒரு சிறுவன் தாள் முழுக்கக் கதிர்களை வரைந்து, மேலே தும்பிக்கையின் நுனியை மட்டும் நீட்டிவிட்டான். கருப்புக் கவுனி அரிசியை ஊறவைத்த கிண்ணத்தில் நீர் நாவற்பழ நிறமாக மாறியிருந்ததைக் கவனித்த ஒரு சிறுமி, யாரிடமும் கேட்காமல் தூரிகையை அதிலேயே தோய்த்துக் கவுனியைக் கவுனியின் சாயத்தாலேயே தீட்டத் தொடங்கினாள். காய்ந்ததும் வெளிறியதால் மூன்று முறை பூச வேண்டியிருந்தது. எந்தக் கடையிலும் கிடைக்காத நிறம் அது.

பெற்றோர் கை வைத்த படங்கள் சிலவும் வந்தன; நிழலும் ஒளியும் அத்தனை பிசகின்றி விழுந்திருந்தால் தெரியாமலா போகும்? பரிசே கிடையாது என்று அறிவித்ததும் அவை நின்றுவிட்டன. பேசிவைத்திருந்த மண்டபம் கடைசி நேரத்தில் கைவிரித்ததால், வாகன நிறுத்துமிடத்தில் துணிக்கொடி கட்டிக் கிளிப்புகளால் படங்களைத் தொங்கவிட்டோம்.

அங்கே முதல் பார்வையாளர் எங்கள் காவலாளி, திருவண்ணாமலைப் பக்கத்தில் பயிர் செய்துவந்தவர். பொன்னிறக் கதிர்கள் நிமிர்ந்து நின்ற ஒரு படத்தின் முன் வெகுநேரம் நின்றுவிட்டு, வரைந்த சிறுமியிடம், "முத்தின கதிர் சாஞ்சிடும்மா. இப்படி நேரா நிக்குதுன்னா அது பதர்" என்றார். பதர் என்றால் உள்ளே அரிசி இல்லாத வெற்று நெல் என்று கேட்டுத் தெரிந்துகொண்ட அவள், படத்தைக் கழற்றிக்கொண்டு மேலே ஓடினாள். மாலை வரை அந்த இடத்தில் இரண்டு கிளிப்புகள் மட்டுமே தொங்கின.