வாசல் லைட்

"என்ன சார், திருச்செந்தூர்ல செம கூட்டமா?"

இஸ்திரி போடுற அண்ணன் கேட்டார். நான் அவர்கிட்ட சொல்லவேயில்லையே!

வீட்டுக்காரம்மாவோட வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ். செந்தூர் எக்ஸ்பிரஸ் டிக்கெட்டையே போட்டிருக்காங்க. போறதும், வர்றதும். எல்லார் பேரு, வயசு, 10 இலக்க பிஎன்ஆர். அந்த நம்பரை ரயில்வே சைட்ல தட்டினா எந்தப் பெட்டி, எந்த சீட்டுன்னு யாருக்கும் தெரியும்.

அவங்க வயசு மேல மட்டும் ஒரு இதய ஸ்டிக்கர். அதுல ரொம்ப கவனம்!

எங்கம்மா ஊருக்குக் கிளம்பினா சாவியை எதிர்வீட்டு அக்காகிட்ட சத்தமில்லாம கொடுப்பாங்க. வாசல் லைட்டை எரியவிடுவாங்க. வீட்ல ஆள் இருக்கிற மாதிரி தெரியணுமாம்.

நாங்களும் லைட்டை எரியவிட்டுத்தான் போனோம்.

ஸ்டேட்டஸைப் பார்த்தவங்க 143 பேர்.